பிறைக்கு வைத்த திகதி

சிவப்புப் பக்கம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். உண்மையில் அது சாம்பல் நிறம். மேலே ஒரு சிறிய சிவப்பு முக்கோணம், அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி. இந்தத் தொடர்பு பாதுகாப்பானதல்ல, இங்கே நீங்கள் கொடுக்கும் கடவுச்சொல்லையும் தகவல்களையும் யாராவது திருட முயலக்கூடும் என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். நான் பத்திரிகையில் பிரதி திருத்தும் மேசையில் இருந்தவன். ‘கூடும்’ என்ற ஒரு சொல்லை நம்பி ஒரு செய்தியை முதற்பக்கத்துக்கு விடமாட்டேன். அந்தப் பக்கம் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேலாக என்னை அலைக்கழித்தது.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் போயிருந்தன. கொழும்பு மேசை வேலையை விட்டுவிட்டு, கற்பிட்டி வீதியோரம் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்து, அதே பத்திரிகைக்குப் புத்தளம் பக்கத்துச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். யுத்த காலத்தில் வன்னியிலிருந்து என்னோடு இடம்பெயர்ந்து வந்தவர்களில் பலர் திரும்பிப் போய்விட்டார்கள். எனக்குப் போக அங்கே வீடும் இல்லை, அனுப்பச் செய்தி இங்கேதான் கிடைத்தது.

அந்த வீட்டுக்கு ஒரு பக்கம் களப்பு என்னும் உப்பங்கழி, மறுபக்கம் கடல். உப்புக் காற்று என் மடிக்கணினியின் விசைகளை ஒவ்வொன்றாகத் தின்றது. முதலில் போனது சொற்களுக்கு இடையில் இடம் விடும் நீளவிசை. ஒரு வாரம் சொற்களை ஒட்டியே எழுதி அனுப்பினேன். மேசையில் இருந்தவர் தொலைபேசி எடுத்து, “அண்ணே, இது செய்தியா, இரயில் பெட்டியா” என்று கேட்டார். பிறகு திரையே இருண்டது. அதற்குப் பின் வீட்டுக்காரரின் கணினியில்தான் என் வேலை.

வீட்டுக்காரரை நான் அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்பார். நீண்ட காலம் சவூதியில் எரிபொருள் பவுசர் ஓட்டிவிட்டு வந்தவர். வரும்போது அங்கே வாங்கிய கணினியையும் கொண்டுவந்திருந்தார். விசைகளில் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் அரபு எழுத்து. அவருடைய மகள் அதன் அறிவித்தல்களை எல்லாம் ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்திருந்தாள். திரையின் வலது கீழ் மூலையில் இருந்த திகதியை மட்டும் நானா தொட விடவில்லை. அது ஹிஜ்ரித் திகதி. இஸ்லாமிய மாதம் எது, பிறை எத்தனை என்று அந்த மூலையைப் பார்த்துத்தான் அவர் சொல்வார். அரபு இலக்கங்கள் எனக்கு வாசிக்க வராது. பக்கத்தில் இருந்த மணியை மட்டும் பார்த்துக்கொள்வேன். மணி எப்போதும் சரியாக இருந்தது.

எங்கள் பத்திரிகை, மாவட்டச் செய்தியாளர்கள் செய்தியை ஏற்றுவதற்கென்று ஒரு தளம் வைத்திருந்தது. வருடங்களாக நான் பாவித்த தளம். ஒரு நாள் காலை அதைத் திறந்தபோது முதன்முதலாகச் சாம்பல் பக்கம் வந்தது. மறுநாளும் வந்தது. அதற்கு அடுத்த நாள் ஒன்றும் நடக்காததுபோலத் தளம் திறந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் வந்தது, இரண்டு நாள் நின்றது, போனது. இடையில் ஒருமுறை மின்சாரப் பட்டியல் பார்க்கும் தளம். இன்னொரு முறை நானா வழமையாகப் பயான் என்னும் மார்க்க உரை கேட்கும் தளம்.

முதல் தடவை கணினியைத் தூக்கிக்கொண்டு புத்தளம் நகரத்துத் திருத்தகத்துக்குப் போனார் நானா. அங்கிருந்தவர் பின்மூடியைக் கழற்றி, தூரிகையால் தட்டி, “உப்புத்தூள் உள்ளுக்குப் போயிரிக்கி, அதான் இப்பிடிக் காட்டுது” என்று சொல்லிவிட்டு ஒரு நாள் வைத்திருந்தார். திரும்பி வந்தபோது எச்சரிக்கை இல்லை. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் கணினியை ஒரு துவாயால் போர்த்தி வைப்பது அந்த வீட்டு வழக்கமாயிற்று.

இரண்டாம் தடவை நான் இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தோடு சண்டை பிடித்தேன். அவர்கள் புதுச் சிம் ஒன்று தந்தார்கள். அதைப் போட்ட அன்று எச்சரிக்கை போயிருந்தது. நான் வென்றதாக நினைத்தேன். அடுத்த முறை மகள் பிரௌசரில் சேர்ந்து கிடந்த பழையவற்றை எல்லாம் அழித்தாள். அதுவும் கேட்டது. ஆளுக்கொரு மருந்து வைத்திருந்தோம். எல்லாம் ஒவ்வொரு தடவை பலித்தன, மறுதடவை ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு காரியம் நடக்கிறது, நிற்கிறது, ஏனென்று எழுத முடியவில்லை. செய்தி எழுதுகிறவனுக்கு இதைவிட எரிச்சலூட்டுவது எதுவுமில்லை. பிறகு பிறகு எச்சரிக்கை வந்தால் நான் அதன் அடியில் சிறிய எழுத்தில் இருந்த வழியை அமத்தி, ஆபத்துக்கு நானே பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு உள்ளே போய்விடுவேன். எங்கள் பத்திரிகைத் தளம் அதற்கு இடம் கொடுத்தது.

இதெல்லாம் வெறும் தொல்லையாகவே இருந்திருக்கும், மகளின் விண்ணப்பம் வந்திராவிட்டால்.

அவள் உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டுப் பக்கத்துப் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் பயிற்சிக்குக் கல்வியியற் கல்லூரியில் சேர வேண்டும் என்பதுதான் அவளுடைய எண்ணம் முழுவதும். அவளுடைய வாப்பாவான நானாவுக்கும் அதே எண்ணம். முந்திய வருடம் ஒரு பாடத்தின் பெறுபேறு மறுபரிசீலனையில் இழுபட்டு, விண்ணப்பிக்க முடியாமல் போயிற்று. இந்த வருடத்தோடு வயதெல்லை முடிகிறது. அதனால் இதுதான் கடைசித் தடவை. விண்ணப்பம் இணையத்தில் மட்டும். வெள்ளிக்கிழமை நண்பகலோடு மூடிவிடுவார்கள்.

அவள் அவசரப்படவில்லை. இரண்டு மாலைப்பொழுதுகள் இருந்து நிரப்பினாள். சான்றிதழ்களை நகரத்தில் ஸ்கேன் எடுத்துக் கணினியில் போட்டு வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மாலை எஞ்சியிருந்தது சான்றிதழ்களை ஏற்றி, கடைசியாக உறுதிப்படுத்துவது மட்டுமே. மழைக் குணமாக இருக்கிறது, சிக்னல் போய்ப்போய் வருகிறது, நாளை காலை செய்கிறேன் என்று மூடி வைத்தாள். புதன்கிழமை காலை திறந்தால் சாம்பல் பக்கம்.

நான் போனபோது நானா கணினிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி இருந்தார். மகள் பின்னால் நின்றாள்.

“வாப்பா, இது அரசாங்கத்துத் தளம். இதுல கள்ளன் எங்க இருந்து வாற?” என்றாள்.

“அதத்தான் மகள் நானும் கேக்கிற. அரசாங்கத்துத் தளத்துல கள்ளன் இரிக்கி எண்டு கொம்பியூட்டர் ஏன் சொல்லோணும்?”

“இது எங்களுக்கு முந்தியும் வந்த தானே. தன்ட பாட்டுல போயிரும்.”

“வெள்ளிக்கிழமைக்குப் பொறகு போனா?”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“நானா, இது பிழையா வாற எச்சரிக்கை,” என்றேன். “எனக்கும் வாறது. நான் கீழ அமத்திப்போட்டு உள்ளுக்குப் போறனான்.”

நானா கதிரையைத் திருப்பினார். “தம்பி, சிவப்பு எச்சரிக்கை வந்தா அந்தத் தளத்துல அடையாள அட்டை நம்பர் குடுக்க வேணாம் எண்டு பேப்பர்ல எழுதின யாரு?”

எழுதியது நான்தான். இணைய மோசடி பற்றிக் கொழும்பிலிருந்து வந்த ஓர் அறிக்கையைச் சுருக்கி, கற்பிட்டியில் நடந்த ஒரு கூட்டத்தோடு சேர்த்துப் போட்ட சிறு செய்தி. அதைப் படித்தவர் மாவட்டத்தில் ஒருவர் இருந்தார் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

“அது பொதுவா எழுதினது நானா.”

“இதும் பொதுவாத்தானே சொல்லுது. நான் பவுசர் ஓட்டின ஆள் தம்பி. லைட் எரிஞ்சா வண்டிய ஓரங்கட்டோணும். ஒண்டுமில்ல, போவம் எண்டு போன ஆக்கள எனக்குத் தெரியும். அவங்கட மையத்து அடக்கத்துக்குத்தான் நாங்க போன.”

இருந்தும் மகள் குனிந்து, நான் சொன்ன கீழ்வழியைத் தேடினாள். இந்தத் தளத்தில் அந்த வழியே இல்லை. அதை அமைத்தவர்கள் எங்கள் பத்திரிகைக்காரர்களைவிடக் கண்டிப்பானவர்களாக இருந்திருக்க வேண்டும். அவள் தன் கைத்தொலைபேசியில் அதே முகவரியைப் போட்டாள். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திறந்தது. வாப்பாவின் முகத்துக்கு நேரே காட்டினாள்.

“போன் சின்ன ஆள்,” என்றார் அவர். “அதுக்கு என்ன தெரியும்.”

தெரிந்தாலும் பயனில்லை. சான்றிதழ் ஏற்றும் பக்கம் கைத்தொலைபேசியில் பாதியோடு வெட்டுப்பட்டு நின்றது. அமத்த வேண்டிய இடம் திரைக்கு வெளியே எங்கோ இருந்தது. அவள் தொலைபேசியைக் குறுக்கே பிடித்துப் பார்த்தாள், நெடுக்கே பிடித்துப் பார்த்தாள், கடைசியில் மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

எங்கள் பத்திரிகையில் கணினிகளைப் பார்க்கும் இளைஞர் ஒருவர் இருந்தார். அவரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்தேன்.

“அண்ணே, முதல்ல கணினியில திகதியும் நேரமும் சரியான்னு பாருங்க,” என்றார்.

நேரத்தை என் கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டேன். நிமிடத்துக்கு நிமிடம் சரி. “நானா, இதில இருக்கிற திகதி சரியோ?” என்று கேட்டேன்.

“சரி. சுபஹுத் தொழுகைக்குப் போனப்ப பள்ளியிலயும் கேட்ட. பிறை இருவத்தெட்டு.”

“திகதியும் சரியாம்,” என்று கொழும்புக்குச் சொன்னேன்.

“அப்ப தளத்தோட சான்றிதழ்லதான் ஏதோ. ஒவ்வொரு தளத்துக்கும் அடையாள அட்டை மாதிரி ஒரு சான்றிதழ் இருக்கும் அண்ணே. நாந்தான் இந்தத் தளம்னு உங்க பிரௌசருக்குக் காட்டுறது அதுதான். காலாவதியாகிப் போனா இப்படித்தான் வரும். அந்த முக்கோணத்துக்குப் பக்கத்துல அமத்தி, எது வரைக்கும் செல்லும்னு பாருங்க.”

பார்த்தேன். ஆங்கிலத் திகதியில் தெளிவாக இருந்தது. காலாவதியாக இன்னும் ஏறக்குறைய மூன்று மாதம் கிடந்தது. அதற்கு மேல்வரியில் எப்போதிலிருந்து செல்லும் என்றும் ஒரு திகதி இருந்தது. அதில் நான் கண்ணை வைக்கவில்லை. பால்மாப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் முடியும் திகதியைத்தானே பார்த்துப் பழகியிருக்கிறோம்.

“மூண்டு மாசம் கிடக்கு தம்பி.”

கொழும்பில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “அப்ப உங்க பக்கம் லைன்ல நடுவுல யாரும் பூந்து ஏதும் பண்றாங்களோ தெரியல அண்ணே,” என்றார்.

நானா தொலைபேசியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து கணினியை மூடி, துவாயை எடுத்துப் போர்த்தினார். மகள் உள்ளே போய்விட்டாள். சமையலறையில் அவளுடைய உம்மாவின் குரல் கேட்டது.

அன்று இரவு உம்மா பேசிப் பேசி ஓர் உடன்பாடு எடுத்தார். சந்தியில் கணினியும் இணையமும் வாடகைக்குக் கொடுக்கும் கொமியூனிகேஷன் கடையில் செய்யலாம், ஆனால் நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வியாழக்கிழமை காலை சான்றிதழ்களை ஒரு சிறிய பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு நானும் மகளும் முச்சக்கரவண்டியில் போனோம். விடியப்புறம் தென்மேற்கிலிருந்து அடித்த கச்சான் காற்றில் தென்னோலைகள் விழுந்து வீதி நெடுக மின்கம்பிகள் அறுந்திருந்தன. கடைக்காரர் வாசலில் கதிரையைப் போட்டுப் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கரண்ட் வந்தா வாங்க,” என்றார்.

“எப்ப வரும்?” என்று கேட்டேன்.

“அது தெரிஞ்சா நான் ஏன் கடை வச்சிக்கிட்டு இரிக்கேன்.”

பாலாவிப் பக்கம் போனால் கரண்ட் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். போனோம். இல்லை. புத்தளம் வரை போவோம் என்றேன். நகரத்தில் இரண்டு கடைகளில் மின்பிறப்பாக்கி ஓடியது. அங்கே இருந்த வரிசையில் நின்ற பிள்ளைகளில் பாதிப்பேரும் அதே விண்ணப்பத்துக்கு வந்தவர்கள்தான். எங்கள் முறை வர இன்னும் சிலரே இருந்தபோது மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் முடிந்தது. கடைக்காரர் போத்தலை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனவர் திரும்பி வரவே இல்லை. மகள் வரும் வழியில் ஒரேயொரு தடவை, “நாளைக்குப் பன்னிரண்டு மணி தானே அங்கிள்?” என்று கேட்டாள். ஓம் என்றேன். அந்த ‘ஓம்’ சொல்ல எனக்கே எரிச்சலாக இருந்தது. கள்ளன் என்று ஒருவனும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை நிறுவ என்னிடம் ஒன்றும் இல்லை.

பின்னேரம் வீட்டுக்கு மின்சாரம் வந்தது. மகள் துவாயை எடுத்துவிட்டு மீண்டும் திறந்தாள். அதே பக்கம். மூடினாள், திறந்தாள். இணைப்புக் கருவியை யன்னல் கட்டில் வைத்தாள், எடுத்து வெளியே முருங்கைக் கொப்பில் தொங்கவிட்டாள். அதே பக்கம். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து, அறுந்த மின்கம்பிகள் பற்றிய செய்தியை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன்.

நானா மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ஊர் ஆட்களோடு கடற்கரைக்குப் போயிருந்தார். மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் அவர்கள் மேற்கே பார்த்து நிற்பார்கள். புதுப்பிறை கண்ணுக்குத் தெரிந்தால் மறுநாள் புதுமாதம். தெரியாவிட்டால் நடக்கும் மாதத்தை முப்பதாகப் பூர்த்தி செய்வார்கள். சவூதியில் மாதம் எங்களுக்கு முந்தியே பிறந்துவிடுவது வழக்கம்.

அவர் காலில் மணலோடு வந்தார். “மேகம். ஒண்டும் தெரியல்ல,” என்று உம்மாவிடம் சொன்னார். சற்று நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் அறிவித்தார்கள். நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை, மாதம் முப்பதாகப் பூர்த்தி.

“மகள், கொஞ்சம் எழும்புங்க,” என்றார் நானா. கதிரையில் அமர்ந்து வலது கீழ் மூலையில் அமத்தினார். ஒரு சிறிய பெட்டி வந்தது. அதற்குள் கட்டம் கட்டமாக அரபு இலக்கங்கள். தினமும் செய்கிற வேலைபோல, ஒரு கட்டம் பின்னால் போய் நின்றார்.

எனக்குப் பேனை நின்றுவிட்டது. “நானா, என்ன செய்யிறீங்கள்?”

“பிறை வைக்கிற. இது சவூதிக் கணக்கு தம்பி. விட்டா நாளைக்கே பிறை ஒண்டு எண்டு காட்டும். ஒரு நாள் பின்னுக்குத் தள்ளினா நாளண்டைக்குச் சரியா ஒண்டு வரும். நாளைக்கு மட்டும் இருவத்தொம்பதா நிக்கும், அது பரவாயில்ல.”

“ஒவ்வொரு மாசமும் இப்பிடித் தள்ளுறீங்களோ?”

“தேவைப்பட்ட மாசம். சில மாசம் முன்னுக்கும் தள்ளின. முந்தி இது தானாத் திரும்பத் திரும்ப மாறிச்சு. அத நிப்பாட்டி வச்சிட்டேன்.”

“கொஞ்சம் பொறுங்கோ. அமத்தாதேங்கோ. இதில இண்டைக்கு என்ன கிழமை எண்டு போட்டிருக்கு?”

அவர் குனிந்து அரபில் வாசித்தார். “செவ்வாய்.”

“இண்டைக்கு என்ன கிழமை நானா?”

“வியாழன்.” அவர் குரலில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. “கிழமை எனக்குத் தெரியும் தம்பி. அதப் போய்க் கொம்பியூட்டர்ட்ட யாரு கேக்கிற. பிறைதான் தெரியோணும்.”

மகள் என் தோளுக்கு மேலால் கையை நீட்டி, சாம்பல் பக்கத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, முக்கோணத்துக்குப் பக்கத்தில் அமத்தினாள். சான்றிதழ் எப்போதிலிருந்து செல்லும் என்ற மேல்வரியில் விரலை வைத்தாள். நேற்று, புதன்கிழமை. அந்தத் தளம் நேற்றுத்தான் புதுச் சான்றிதழ் எடுத்திருக்கிறது. எங்கள் கணினி இன்னும் செவ்வாய்க்கிழமையில் இருக்கிறது. நாளைக்குத்தான் பிறக்கப்போகும் அடையாள அட்டையை இன்றைக்கே ஒருவன் கொண்டுவந்து நீட்டினால் வாசற்காவலன் என்ன நினைப்பானோ, அதைத்தான் அது நினைத்திருக்கிறது. எங்கள் பத்திரிகைத் தளம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சான்றிதழை மாற்றும். மாற்றிய கையோடு எச்சரிக்கை வரும். கணினி இரண்டு நாளில் அந்தத் திகதியைத் தொட்டதும் போய்விடும். உப்புத்தூள், சிம், பழையவற்றை அழித்தது, எல்லாம் அந்த இரண்டு நாளுக்குள் நாங்கள் ஆடிய ஆட்டம்.

நான் இதை நானாவுக்குச் சொன்னேன். முடிந்தவரை நிதானமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் கேட்டுவிட்டு, “ரெண்டு நாளுக்கா இவ்வளவு பெரிய கள்ளன் எண்டு சொல்லுது?” என்றார்.

“அதுக்கு ரெண்டு நாள், ரெண்டு வருசம் எண்டு தெரியாது நானா. திகதிய நேராக்கினாச் சரி.”

“நேராக்கினா இதுல இண்டைக்குப் பிறை ரெண்டு ஆயிரும்.”

“ஓம்.”

“பிறையே காணல்ல. இப்பதான் கடக்கரையில நிண்டு பார்த்திட்டு வாறன். இதுல பிறை ரெண்டா?”

“கொம்பியூட்டருக்குத்தான் வாப்பா,” என்றாள் மகள். “எங்களுக்கு இல்ல.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து, கதிரையை அவள் பக்கம் தள்ளிவிட்டார். “நான் கால் கழுவப் போறன். வாறதுக்குள்ள என்னவும் செய்ங்க. நான் பாக்கல்ல.”

கிணற்றடியில் வாளி விழும் சத்தம் கேட்டது. அவள் இரண்டு கட்டம் முன்னால் வைத்தாள். பிரௌசரை மூடித் திறந்தாள். தளம் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் திறந்தது. செவ்வாய்க்கிழமை அவள் விட்ட இடத்திலேயே விண்ணப்பம் காத்துக்கொண்டிருந்தது. சான்றிதழ்கள் ஒவ்வொன்றாக ஏறின. கடைசியாக உறுதிப்படுத்தும் இடத்தில் அவள் கை ஒரு கணம் நின்றது. எல்லாவற்றையும் மேலிருந்து கீழ் வரை இன்னொரு தடவை வாசித்தாள். அமத்தினாள். விண்ணப்பம் கிடைத்தது என்ற பக்கமும் ஓர் இலக்கமும் வந்தன. அதைத் தொலைபேசியில் படம் எடுத்தாள். படம் தெளிவாக விழவில்லை என்று இன்னொரு தடவை எடுத்தாள்.

“முடிஞ்சா?” என்று நானா வாசலில் நின்று கேட்டார்.

“முடிஞ்சிது வாப்பா.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றபடி வந்து அமர்ந்தார். அந்தச் சிறிய பெட்டியைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று கட்டம் பின்னால் போனார். சரி என்று அமத்தினார். நான் தடுக்கவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. இப்போது என் செய்தியை ஏற்ற எங்கள் பத்திரிகைத் தளத்தைத் திறப்பேன், கணினி மூன்று நாள் பின்னால் நிற்கிறது, சாம்பல் பக்கம் வரும், நானாவின் கண்ணுக்கு முன்னால் காரணம் நிறுவப்படும்.

“நானா, பாத்துக்கொண்டிருங்கோ,” என்று சொல்லித் தளத்தைத் திறந்தேன்.

திறந்தது. எச்சரிக்கை இல்லை, முக்கோணம் இல்லை. செய்தி ஏற்றும் பக்கம் வழமைபோல வந்து நின்றது.

நானா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “பாத்தீங்களா தம்பி. நான் பின்னுக்கு வச்ச பொறகும் திறக்குதே. அப்ப திகதியில பிழை இல்லையே.”

எங்கள் பத்திரிகை சான்றிதழை மாற்றி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, அதனால் மூன்று நாள் பின்னால் போனாலும் அது செல்லும், புதிதாக மாற்றிய தளத்துக்குத்தான் இடிக்கும் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது; அதை விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டார். பவுசர் ஏன் நின்றது என்று கிளீனர் பையன் விளக்கும்போதும் இப்படித்தான் கேட்டிருப்பார். விளக்கி முடிந்ததும், “அப்ப பேப்பர்காரங்க நேர்மையான ஆக்கள். அரசாங்கத்துலதான் என்னமோ இரிக்கி,” என்றார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓராண்டு தேடிய காரணம் கையில் இருந்தது. அதை நம்ப வேண்டிய ஒரேயொருவரிடம் அது எடுபடவில்லை. மின்கம்பிச் செய்தியைத் தட்டி அனுப்பினேன். நான் எழும்பியதும் நானா துவாயை எடுத்து, விசைப்பலகையை ஒரு தடவை துடைத்து, நான்கு பக்கமும் இழுத்து மூடினார்.

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. இணைப்பில் தானாகத் திகதி சரியாகும்படி மாற்றி வைப்போம், பிறைக்குப் பள்ளிவாசல் நாட்காட்டியைச் சுவரில் மாட்டுவோம் என்றேன். “நாட்காட்டியும் அச்சடிச்ச ஆள்ட கணக்குத்தானே தம்பி. பிறை தெரியாட்டி அதத் தள்ளி வைக்க ஏலாதே,” என்றார். எங்கள் பத்திரிகைத் தளம் அடுத்த தடவை சான்றிதழ் மாற்றும் நாளுக்காகக் காத்திருந்தேன். அந்த நாள் வந்தபோது நான் சிலாபத்தில் ஒரு மீனவர் கூட்டத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது எச்சரிக்கை வரக்கூடிய இரண்டு நாளும் கழிந்திருந்தன. நானாவும் அதைப் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு பின்னேரம் மகள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அங்கிள், நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிரிக்காங்க. பேர் வந்திரிக்கி.”

“எங்க பாத்தனீர் பிள்ளை?”

“எங்கட கொம்பியூட்டர்லதான். அவங்கட தளம் திறக்கல்ல, சிவப்புப் பக்கம் வந்திச்சு. வாப்பா அசர் தொழப் போன நேரம் திகதிய முன்னுக்கு வச்சிப் பாத்தேன். அவர் வர முந்தித் திருப்பி வச்சிட்டேன்.”

“வாப்பா ஒண்டும் கேக்கேல்லையோ?”

“கேட்டார். எச்சரிக்கை வரல்லயா எண்டு கேட்டார். வரல்ல எண்டேன். இப்ப துவாய் போட்டு நல்லா மூடுறதாலதான் எண்டு உம்மாக்குச் சொல்லிக்கிட்டு இரிக்கார்.”

அவள் உள்ளே போகத் திரும்பினாள். எனக்கும் அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டிய செய்தி ஒன்று இருந்தது. கணினி இன்றைக்கு எத்தனை நாள் பின்னால் நிற்கிறது என்று அவளிடம் கேட்டேன்.

“இந்த மாசம் ஒரு நாள்தான் அங்கிள்,” என்றாள்.